விடியலைப் பார்க்காத அரசரும் மந்திரியின் பதவியும்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன். நடுவில் காம்பு ஏதாவது விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

எந்தக் காலமோ தெரியாது, பூவள நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட அரசர் பெயர் உதயகீர்த்தி. பெயரில்தான் உதயம். சூரியன் கிளம்புவதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் கண் விழிக்கும்போது அரண்மனைச் சமையல்கட்டில் மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். சித்திரை முதல் நாள், வேப்பம்பூப் பச்சடியைக் கையில் வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் என்ன சாதிக்கப் போகிறேன் என்று ஒவ்வொருவரும் சபை நடுவில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பச்சடியை வாயில் வைக்கலாம்.

அந்த வருஷம் சேனாதிபதி, யாரும் தூக்கிவிடாமல் குதிரையில் ஏறுவேன் என்றார். அரண்மனை வைத்தியர், ஊருக்குக் கொடுக்கும் கசாயத்தை ஒரு தடவையாவது தானும் குடிப்பதாகச் சொன்னார். அரசர் எழுந்தார். இனிமேல் விடியும் முன்னால் விழிக்கப் போவதாகச் சொன்னார். சபையில் சிரிப்பை அடக்கத் தெரியாதவர்கள் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மாணிக்கராயர் என்று ஒரு பிரபு. மந்திரி சிற்றம்பலத்தின் நாற்காலி மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். அவர் நைசாக எழுந்து, அரசர் சொன்னதை நடத்திக் காட்டுவதுதானே மந்திரி வேலை, அதையே மந்திரி தன் குறிக்கோளாக எடுத்துக்கொள்ளட்டும் என்றார். "ஆடி பிறப்பதற்குள் அரசர் தானாக எழ வேண்டும். மந்திரி தொட்டும் எழுப்பக் கூடாது, கூப்பிட்டும் எழுப்பக் கூடாது. முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கட்டும்."

அரசருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. அப்படியே ஆகட்டும் என்றுவிட்டார்.

"உம்முடைய குறிக்கோள் என்ன, ராயரே?" என்று மந்திரி கேட்டார்.

"அரசருடைய தூக்கத்துக்கு என்னால் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லி, ராயர் பச்சடியை நக்கிச் சாப்பிட்டார்.

சும்மா சொல்லவில்லை, செய்தார். பள்ளியறை ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார். அரண்மனைக் கோழிகளைக் கூடையில் அடைத்து ஆற்றுக்கு அக்கரை அனுப்பினார். அரசர் முன்னைவிட நன்றாகத் தூங்கினார்.

வைகாசி போயிற்று. ஆனியும் பாதி போயிற்று. மந்திரி வீட்டில் அவர் மனைவி, பாத்திரங்களை எல்லாம் மூட்டை கட்டவா என்று கேட்டே விட்டார். பெரிய அண்டாவை மட்டும் இப்போது கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மந்திரி நேரே ராயர் வீட்டுக்குப் போனார்.

போய்ப் பணிவாகப் பேசினார். குறை சொல்ல வருகிற ஜனங்கள் விடியற்காலையில் அரண்மனை முன்மண்டபத்தில் காத்துக் கிடக்கிறார்கள், அரசர் எழுவதில்லை, வெறுங்கையோடு திரும்புகிறார்கள். "எப்படியும் ஆடியில் இந்த வேலை உங்களுக்குத்தான் வரப் போகிறது. இப்போதே நின்று பழகிக்கொண்டால் என்ன?"

ராயருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மறுநாள் விடியும் முன்னால் மண்டபத்தில் போய் நின்றார். ஜனங்கள் கும்பிட்டார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அடுத்த நாள் பட்டு உடுத்தி வந்தார். அப்புறம் நிற்கக் கால் வலிக்கிறது என்று ஆசனம் போடச் சொன்னார். ஆசனம் வந்த பிறகு மேலே வெறுமையாக இருப்பதாகத் தோன்றியது. அரசருடைய வெண்குடை மூலையில் சும்மாதானே கிடக்கிறது என்று அதையும் பிடிக்கச் சொன்னார்.

குடை வந்தது, முரசு இல்லை. அது ஒரு குறையா இல்லையா? ஒரு நாள் முரசையும் அடிக்கச் சொல்லிவிட்டார்.

திரை வெளிச்சத்தைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்குமா? அரசர் அலறிப் புடைத்து எழுந்து, அவிழ்ந்த முடியோடு மாடத்துக்கு ஓடி வந்தார். கீழே தன் குடை. குடைக்கு அடியில் ராயர். "மாணிக்கராயர் வாழ்க" என்று ஊரே சொல்கிறது.

மறுநாள் ராயர் வந்து பார்த்தால், இன்னும் இருட்டு விலகவில்லை, ஆசனத்தில் அரசர் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். தன் குடைக்கு அடியில் இன்னொருத்தர் உட்கார்ந்ததைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் எங்கே தூக்கம் பிடிக்கும்?

ஆடி பிறந்த அன்று சபை கூடியது. மந்திரி தந்திரம் செய்து அரசரை எழுப்பிவிட்டார், பதவி இறங்கத்தான் வேண்டும் என்று ராயர் வாதாடினார்.

மந்திரி சொன்னார்: "நான் தொடவில்லை, கூப்பிடவில்லை. முதல் நாள் முரசு எழுப்பியது. அதை அடிக்கச் சொன்னது நானில்லை. அதற்குப் பிறகு அரசர் தானாகத்தான் எழுகிறார்."

அரசர் ராயரைப் பார்த்தார். "என் தூக்கத்துக்கு உம்மால் ஒரு குறையும் வராது என்றீரே, ராயரே. நான் நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாளாகிறது தெரியுமா?"

சபை சிரித்தது. இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்தவில்லை. அக்கரைக் கோழிகளைத் தன் தலையிலேயே சுமந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று ராயருக்குத் தீர்ப்பு. அவர் பட்டு உடுத்துவதை அதோடு விட்டார்.

மந்திரிக்குப் பதவி நிலைத்தது. என்ன பரிசு வேண்டும் என்று அரசர் கேட்டார். ஊர் கேட்பாரோ, யானை கேட்பாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"ராயர் எதுவரைக்கும் போகிறார் என்று பார்க்கத் தூணுக்குப் பின்னால் நின்று நின்றே பாதி ஆனி போயிற்று. நாளை ஒரு நாள் நான் வெயில் ஏறும்வரை தூங்க வேண்டும், அரசே."

"வேறு ஏதாவது கேளும்" என்றார் அரசர். "நான் தனியாக அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கவா?"

அதோடு விட்டாரா? அடுத்த சித்திரைக்கு இதைவிடப் பெரிய குறிக்கோள் ஒன்று வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த ராணி அவர் கையை மெதுவாகப் பிடித்து, "அதற்கு முன்னால் நீங்கள் முதலில்" என்று எதையோ சொல்ல, சபையே காதைத் தீட்டிக்கொண்டு குனிய, அரசர் முகம் சிவந்து போய், மந்திரி மட்டும்... இருங்கள், உள்ளே மாமியார் கீரை எங்கே என்று கூப்பிடுகிறார், மீதி அப்புறம். இதோ வர்றேனுங்கத்தே!