இளகியின் நடுப்பொட்டு

காட்டுக்கு நடுவே ஒரு குளம். அதன் கரையோரம் ஒரு பெரிய கல். அந்தக் கல்லுக்கு அடியில் சப்பையன் என்ற தட்டைப்புழு வாழ்ந்து வந்தான். மாறுகண்காரன். வெளிச்சம் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. மேலே கொஞ்சம் வெயில் பட்டாலும் துடித்துப் போவான்.

அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதி. பேர் இளகி. அவள் ஒரு அமீபா. உடம்பு மொத்தமும் ஒரு துளிதான். கால் வேண்டுமா, வேண்டிய பக்கம் நீட்டிக்கொள்வாள். வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்வாள். எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! கண்ணாடி போன்ற அந்த உடம்புக்கு நடுவில் சின்னதாக ஒரு பொட்டு தெரியும். பள்ளிக்கூடத்தில் அதை உட்கரு என்று சொல்லித் தருகிறார்கள். குளத்தில் யாருக்கு அந்தப் பேர் தெரியும்! பொட்டு என்றுதான் சொல்வார்கள்.

கோடை வந்தது. கல்லடியில் இருந்த பாசியெல்லாம் தீர்ந்து போனது. இளகி பசியில் வாடினாள்.

"சப்பையா, நான் வெயில் படுற பக்கம் போறேன். அங்கேதான் பாசி இருக்காம்" என்றாள்.

சப்பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ! நீ போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்? வெயிலுக்கு என்னால வர முடியாதே!"

அழுதான், புலம்பினான். திடீரென்று முகம் மலர்ந்தது.

"இளகி! ஒரு வழி இருக்கு. பாதி நீ போ, பாதி என்கூட இரு!"

"அது எப்படி?"

"எங்க வம்சத்துல அதுதான் வழக்கம்! பிரியுறப்போ உடம்புல பாதியை வெட்டிக் குடுத்துட்டுப் போவோம். என்னையே ஒரு இறால் ரெண்டா நறுக்கிச்சு. தலைப்பக்கம் நான், வால்பக்கம் என் தம்பி! அவனுக்கும் தலை முளைச்சு, இப்போ அக்கரையில ஜம்முனு இருக்கான்!"

அந்த நேரம் பார்த்துத் துள்ளி என்பவள் வந்து சேர்ந்தாள். அவள் ஒரு நீர்த்தெள்ளு, தண்ணீரில் தத்தித் தத்தித் திரியும் பொடி உயிர். இருப்பது ஒற்றைக் கண். அதை வைத்துக்கொண்டு குளத்தில் இருக்கிற எல்லோருக்குள்ளும் எட்டிப் பார்ப்பதே அவளுக்குப் பிழைப்பு.

"இருங்க, இருங்க! இவளுக்குப் பொட்டு ஒண்ணுதானே இருக்கு? அது எந்தப் பாதிக்குப் போகும்?" என்று கேட்டாள்.

"வந்துட்டா ஆராய்ச்சிக்காரி! பொட்டு என்ன பெரிய பொட்டு! தலையே முளைக்குது, பொட்டு முளைக்காதா?" என்று சீறினான் சப்பையன்.

இளகிக்குப் பயம்தான். ஆனாலும் சிநேகிதன் அழுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "சரி, உனக்காகத்தான்" என்றாள்.

உடைந்த நத்தை ஓட்டின் கூர்முனையால் சப்பையன் அவளை இரண்டாக வெட்டினான். இரண்டு பாதியும் அசைந்தன! ஒரு பாதி வெயில் பக்கம் ஊர்ந்து போனது. மற்றது அவனோடு தங்கியது. சப்பையனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா துள்ளி! பாத்தியா!" என்று குதித்தான்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. தங்கிய பாதி சாப்பிட மறுத்தது. தேடித் தேடிக் கொண்டுவந்த பாசித் துணுக்கை மேலேயே வைத்தான். அதை உள்ளே இழுக்கக்கூட அதற்குத் தெரியவில்லை. நீட்டிய கால் சுருங்கியது. உடம்பு உருண்டையாகி மங்கத் தொடங்கியது.

"இளகி, என்னைப் பாரு! ஒரு வார்த்தை பேசு!" என்று கெஞ்சினான்.

துள்ளி குனிந்து உற்றுப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

"இதுல பொட்டு இல்லை, சப்பையா. எப்படித் திங்கணும், எப்படி வளரணும்னு உள்ளே இருந்து சொல்ல ஆளில்லை. இனிமே முளைக்கவும் முளைக்காது."

மறுநாள் காலை அந்தப் பாதி கரைந்து போயிருந்தது.

அப்படியானால் போனவள்? அவளும் செத்துப் போயிருந்தால்? எதையும் யோசிக்காமல் சப்பையன் கல்லடியை விட்டு வெளியே பாய்ந்தான். வெயில் முதுகைப் பொசுக்கியது. "இளகி! இளகி!" என்று கத்திக்கொண்டே ஊர்ந்தான்.

பாசிக்கு நடுவே அவள் இருந்தாள். முழு உடம்பாக வளர்ந்திருந்தாள். நடுவில் அதே பொட்டு.

"என்னை மன்னிச்சிடு. உன் பாதியை நான் கொன்னுட்டேன்" என்று விம்மினான்.

"வலிச்சுது, சப்பையா. ரொம்ப வலிச்சுது" என்றாள் இளகி. பிறகு அவன் முதுகைப் பார்த்துப் பதறினாள். "அட பைத்தியமே! வெயில்லயா வந்தே? முதல்ல அந்த இலை நிழலுக்குப் போ!"

நிழலில் ஒடுங்கிக்கொண்டு சப்பையன் கேட்டான். "தினமும் பொழுது சாயறப்போ வரட்டுமா? அப்போ வெயில் இருக்காதே."

"வாயேன்! இதை அன்னிக்கே கேட்டிருக்கலாம் இல்லையா?"

சப்பையன் தலைகுனிந்தான். வழியே இல்லை என்று அழுதானே, அந்த வழி இத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறது.

அன்று முதல் பொழுது சாய்ந்தால் அவன் பாசி ஓரத்துக்கு வந்துவிடுவான். ஒருநாள் வந்து பார்த்தால், அங்கே இரண்டு இளகிகள் காத்திருந்தார்கள்!

"யாரு... யாரு வெட்டினது?"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "யாரும் வெட்டல! வயிறு நிறைஞ்சுது, பொட்டு தானா ரெண்டாச்சு. அப்புறம்தான் நாங்க ரெண்டானோம். பாரு, ஆளுக்கொரு பொட்டு!"

சப்பையன் மாறுகண் இரண்டும் கலங்க, ஆளுக்கொரு பக்கமாக அவர்களை உட்காரவைத்துக்கொண்டான்.

அன்பு வைத்தவரைப் பிரிய மனமில்லை என்றால் நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டுமே தவிர, நமக்காக அவரை வெட்டி வைத்துக்கொள்ளக் கூடாது.