ஐந்தாம் மணி

முன்பு ஒரு கோடையில், செம்பாறை ஆற்றின் தடுப்பணைக் காவல் அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. அளவிகளின் சொல்லைக் கேட்பதற்கென்று அதன் முதுகில் இருந்த வாசல் ஒன்றே ஒன்று. அணையடி அளவி என்னும் கருவி அந்த வாசலில் தன் கம்பியை நுழைத்து, அணையில் நிற்கும் நீரின் மட்டத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அணையில் நீர் இல்லை என்பதே அது வெகுநாளாகச் சொல்லிவந்த செய்தி. ஆகையால் அணைக்குக் கீழே வறண்ட மணலில் குழி பறித்துத் தர்பூசணி பயிரிட்டவர்கள், கீற்றுக் குடிசை போட்டுக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு ஆற்றுக்குள்ளேயே குடியிருந்தார்கள். கோடைதோறும் அது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் மலையில் மழை கொட்டினால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் மணலில் ஏறிவிடும். அணையடி அளவி குரல் கொடுப்பதற்குள் தண்ணீர் குடிசை வாசலில் நிற்கும். போன ஆண்டு ஆடுகளை அடித்துக்கொண்டு போயிற்று.

அதனால் மலையடியில் இன்னோர் அளவியை நட்டார்கள். அதன் சொல்லைக் கேட்கக் கணினிக்கு இன்னொரு வாசல் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அட்டை வந்தது.

பச்சை உடம்பும், அடியில் வரிசையாகப் பொற்பற்களும், பக்கவாட்டில் பளபளக்கும் புது வாசலும் கொண்ட அட்டை அது. தன்னை அணைக்கு அழைத்திருக்கிறார்கள் என்றதும் அதற்குத் தரையில் கால் பாவவில்லை. நகரத்துக் கடையிலிருந்து அதைக் கொண்டுவந்த மாசிலாமணி, கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதினார். காலியாக இருந்த பள்ளத்தில் அட்டையைச் சாய்க்காமல் நேராக வைத்து, இரண்டு கட்டை விரல்களாலும் அழுத்தினார். பொற்பற்கள் கடித்துக்கொண்டன.

"வா, வா," என்றது பக்கத்துப் பள்ளத்தில் இருந்த ஒலி அட்டை. அதன் ஒலிபெருக்கியை ஆயுத பூஜைக்குப் பாட்டுப் போட எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரவே இல்லை. அதிலிருந்து அதற்கு வேலையும் இல்லை, வாயும் ஓய்வதில்லை. "இங்கே ஆளுக்கொரு அழைப்பு மணி உண்டு. மணி அடித்தால் இந்தப் பெட்டியின் மூளையான செயலி ஓடி வரும். இரண்டாம் மணி விசைப்பலகைக்கு, மூன்று வட்டுக்கு, நான்கு அச்சுப்பொறிக்கு. எனக்கு ஆறு. அடித்து என்ன பயன்? சொல்வதற்குத்தான் ஒன்றுமில்லை."

"முதல் மணி?" என்று கேட்டது அட்டை.

"எனக்கு," என்றது தாய்ப்பலகையோடு பலகையாகப் பற்றவைக்கப்பட்டிருந்த பழைய வாசல்.

அட்டையின் தலையில் சில ஊசிகள் நின்றன. சிறிய கறுப்புக் குல்லாய் ஒன்றை எந்த ஊசியில் மாட்டுகிறார்களோ, அந்த எண்ணே அட்டையின் மணிக்கு எண். மாசிலாமணி குல்லாயை இடுக்கியால் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அஞ்சாம் நம்பர் சும்மாதான் இருக்கு மேடம். அதுல வச்சிடறேன்."

உதவிப் பொறியாளர் கோதைநாயகி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு புள்ளி தப்பினாலும் பொறுக்காதவர். "மேலே இருக்கற அளவிக்கு அஞ்சா? எங்க துறையில ஆத்தைத் தலையிலேருந்துதான் எண்ணுவோம் மாசிலாமணி. மேலே இருக்கறது ஒண்ணு. கீழே வர வர ரெண்டு, மூணு. இதை மாத்திட்டு நான் எந்த முகத்தோட மேலிடத்துக்குப் பதில் சொல்றது?"

"ஒண்ணுல ஏற்கெனவே பழைய போர்ட் உட்கார்ந்திருக்கு மேடம்."

"அதை எந்திரிக்கச் சொல்லுங்க."

மாசிலாமணி சிரித்தார். பழைய வாசல் எழுந்திருக்க முடியாது. அதன் மணி பலகையிலேயே பற்றவைத்தது. ஆனால் நிரலில் அதன் பெயரை 'இரண்டாம் அளவி' என்று மாற்றிவிடலாம். மற்றதை நிரல் பார்த்துக்கொள்ளும் என்று அவர் எண்ணினார். குல்லாயை முதல் ஊசியில் மாட்டினார்.

அட்டைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வந்த அன்றே முதல் எண்.

பழைய வாசலின் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மாசிலாமணி புது வாசலைச் சோதித்தார். மலையடி அளவியின் குரல் தெள்ளத் தெளிவாக வந்தது. 'அரை அடி' என்று திரை காட்டிற்று. கோதைநாயகி அளவு ஏட்டோடு ஒப்பிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு பழைய கம்பியையும் மாட்டித் தகட்டை மூடினார்கள்.

"பார்த்தீரா," என்றது அட்டை. "நான் பேசிய முதல் பேச்சே பிசகவில்லை."

"நான் வாய் மூடியிருந்தபோது பேசினாய்," என்றது பழைய வாசல். "இனிப் பேசிப் பார்."

அட்டை அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டது.

வெயில் ஏறிற்று. மலையடி அளவி மறுபடி பேசியது. "முக்கால் அடி" என்றது. அட்டை அந்தச் சொல்லை வாங்கித் தன் சிறு தொட்டியில் வைத்துக்கொண்டு முதல் மணியை அடித்தது. செயலி ஓடி வந்தது. ஆனால் பழைய வாசலுக்குப் போய் நின்றது.

"கூப்பிட்டாயா?"

"நான் கூப்பிடவில்லை," என்றது பழைய வாசல்.

செயலி போய்விட்டது. அட்டை மீண்டும் அடித்தது. செயலி மீண்டும் பழைய வாசலுக்கே வந்தது.

"இங்கே பாரும், அழைத்தது நான்," என்று அட்டை கத்தியது.

"முதல் மணி அடித்தால் போக வேண்டிய வாசல் அது," என்றது செயலி. "இந்தப் பலகை பிறந்த நாளாக எனக்கு அது ஒன்றுதான் பாடம். ஒரே மணியை இருவர் அடித்தால், அடித்தது யார் என்று நான் எப்படி அறிவேன்?"

அட்டையின் தொட்டி சிறியது. பதினாறு எழுத்துக்கு மேல் அதில் நிற்காது. செயலி வந்து அள்ளிக்கொள்ளாததால், அடுத்து வந்த எழுத்துகள் விளிம்பு தாண்டித் தரையில் சிந்தின. 'ஒன்றரை அடி' என்று மேலிருந்து ஒரு சொல் வந்தது, சிந்தியது. 'இரண்டே கால்' வந்தது, அதுவும் சிந்தியது.

"மலையில் கொட்டுகிறது," என்றது மலையடி அளவி, கம்பி வழியே. "கேட்கிறாயா, இல்லையா?"

"எனக்குக் கேட்கிறது," என்றது அட்டை. அதன் குரல் இறங்கிவிட்டது.

இதைவிடக் கொடுமை வெளியே இருந்தது. புதுச் சொல் வந்து சேராதவரை பழைய சொல்லையே திரையில் நிறுத்தி வைப்பது அந்த நிரலின் வழக்கம். 'முதல் அளவி: அரை அடி' என்று திரை சாந்தமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மணலிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார்.

"மலைப்பக்கம் கறுத்த மாதிரி தெரியுதுங்கம்மா. பிள்ளைங்களைக் கரைக்கு ஏத்திடட்டுமா?"

கோதைநாயகி திரையைப் பார்த்தார். "மேலே அரை அடிதான் காட்டுது. பதறாதீங்க. ஏதும்னா நானே சங்கு ஊதுவேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அட்டைக்குத் தன் பொற்பற்கள் கூசின. தன் பெயரால் ஒரு பொய் திரையில் நிற்கிறது. அந்தப் பொய்யை நம்பி மணலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

"என்ன செய்யலாம்?" என்று கேட்டது.

"ஒன்றும் செய்ய வேண்டாம்," என்றது ஒலி அட்டை. "முதல் எண் கிடைத்திருக்கிறது. வேலை நடக்காவிட்டாலும் பதவி இருக்கிறதே. என்னைப் பார், எத்தனை நிம்மதி."

அட்டை தன் தலையிலிருந்த குல்லாயிடம் பேசியது.

"நீ இறங்கிவிடு."

குல்லாய் திடுக்கிட்டது. "நான் இறங்கினால் உனக்கு மணியே கிடையாது. முதல் எண்ணும் போகும். எந்த எண்ணும் இருக்காது. நீ ஒருத்தி இங்கே இருப்பதே கணினிக்குத் தெரியாது. மட்டமான சரக்கு என்று உன்னைப் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள்."

"போடட்டும். திரையில் என் பெயருக்கு எதிரே எதுவும் இல்லாமல் போகும் அல்லவா?"

"போகும். மணியே இல்லாத வாசலின் பழைய சொல்லை நிரல் நிறுத்தி வைக்காது."

"அது போதும். பொய்யாக ஓர் அளவு நிற்பதைவிட வெற்றிடம் நிற்கட்டும். வெற்றிடத்தைப் பார்த்தால் அந்த அம்மாள் சும்மா இருக்கமாட்டார்."

"இவ்வளவு கர்வக்காரி நீ," என்றது குல்லாய். "உனக்கா இந்த யோசனை?"

"கர்வம் இருப்பதால்தான் சொல்கிறேன். என் வாசலில் பொய் நிற்கக் கூடாது."

அட்டை தன் உடம்பின் சூட்டையெல்லாம் அந்த ஊசிக்கு அனுப்பியது. பிடி தளர்ந்தது. குல்லாய் நழுவி, பலகையின் மேல் மெல்லிய ஓசையோடு விழுந்தது. முதல் அளவிக்கு எதிரே திரை வெறுமையாயிற்று.

கோதைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாசிலாமணி, இங்க வாங்க. உங்க கார்டு செத்துப்போச்சு."

வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரோடு வந்தார். "இப்பத்தானே மேடம் பேசுச்சு?"

"பேசுச்சு, நிறுத்திடுச்சு. எங்க பிடிச்சீங்க இந்த மட்டமான சரக்கை? காலையில எவ்வளவு பெருமை பேசினீங்க."

பள்ளத்தில் நின்ற அட்டை எல்லாவற்றையும் கேட்டது. வலித்தது.

கணினியை நிறுத்தித் தகட்டைக் கழற்றினார்கள். மாசிலாமணி விளக்கடித்துப் பார்த்து, விழுந்து கிடந்த குல்லாயை எடுத்தார். "ஜம்பர் கழண்டு விழுந்திருக்கு மேடம். அவ்வளவுதான். திரும்ப ஒண்ணுல மாட்டிடறேன்."

"இருங்க," என்றார் கோதைநாயகி. அவருடைய புருவம் சுருங்கியிருந்தது. "அரை அடின்னு காட்டுச்சே, அது எப்ப வந்த அளவு? நான் பார்த்தப்பெல்லாம் அதே அரை அடிதான். ஆத்துல தண்ணி ஒரு இம்மி கூட ஏறாம இறங்காம நிக்குமா?"

மாசிலாமணியின் கை நின்றது.

"காலையில சோதிச்சப்ப பழைய ஒயரைக் கழட்டித்தானே வச்சிருந்தீங்க?"

"ஆமா மேடம்." அவர் மெல்லச் சொன்னார். "ரெண்டும் ஒரே நம்பர்ல கூப்பிட்டா கம்ப்யூட்டர் எதுக்குன்னு போகும். தப்பு என்மேலதான். பேரை மாத்தினா போதும்னு நினைச்சேன்."

"நம்பர் வேணும்னு அடம் பிடிச்சது நான்." கோதைநாயகி குல்லாயையும் சுவரிலிருந்த ஆற்று வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வரைபடத்தில் ஒரு பிசகு வர விட்டதில்லை அவர். "ஆத்துக்குத் தலை ஒண்ணுதான்."

"ஆமா மேடம். ஆனா இந்தப் பெட்டிக்குள்ள ஆறு ஓடலியே."

கோதைநாயகி வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்தார். "அஞ்சுல வையுங்க. சீக்கிரம்."

குல்லாய் ஐந்தாம் ஊசியில் ஏறியது. யாருக்கும் பயன்படாமல் கிடந்த ஐந்தாம் மணி முதன்முதலாக அட்டையின் கைக்கு வந்தது. கணினி விழித்தெழ எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் கோதைநாயகி அபாயச் சங்கின் பொத்தானருகே நின்றார்.

மலையடி அளவி பேசியது. அட்டை மணியை அடித்தது.

செயலி பாதி வழியில் தயங்கிற்று. "ஐந்தா? இதுவரை அங்கிருந்து யாரும் கூப்பிட்டதில்லையே."

"நான் கூப்பிடுகிறேன்," என்றது அட்டை. "இரு கைகளையும் ஏந்திக்கொண்டு வாரும்."

செயலி வந்தது. தொட்டியிலிருந்த எழுத்துகளை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு ஓடியது. உடனே மறுபடி வந்தது. திரையில் நான்கே கால் என்று தோன்றியது. அடுத்து நான்கரை. அடுத்து ஐந்தைத் தாண்டியது.

சங்கு ஊதியது.

மணலில் இருந்தவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை, சங்கைத்தான் நம்பினார்கள். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகளை முன்னே விரட்டிக்கொண்டு, பானைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரையேறினார்கள். கடைசி ஆள் கரையைத் தொட்டு மூச்சு வாங்கியபோது, செம்மண் நிறத்தில் வெள்ளம் அணையின் தலைக்கு மேலாகச் சரிந்து மணலில் பரந்தது. குடிசைகள் போயின. தர்பூசணிகள் பந்துகளைப் போல மிதந்து போயின. மனிதர் எவரும் போகவில்லை.

அந்தக் களேபரத்துக்கு நடுவே மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"முதல் அளவி எவ்வளவு காட்டுதும்மா?"

"முதல் அளவி இப்ப அணையடியோடது, ஆறு அடி, சார். மலையடியோடது முதல் அளவி இல்ல. ஐந்தாம் அளவி."

மறுமுனையில் தாள் புரளும் ஓசை. "ஐந்தாம் அளவியா? நம்ம அட்டவணையில அப்படி ஒண்ணு கிடையாதே. மேலே இருக்கறதுக்கு ஐந்துன்னா முறை தப்பால்ல இருக்கு?"

கோதைநாயகி சன்னல் வழியே பார்த்தார். கரை நெடுகிலும் மனிதத் தலைகள்.

"அட்டவணையைத் திருத்திக்குங்க, சார்," என்றார். "அந்தக் கரையில நிக்கற அத்தனை பேரையும் கூப்பிட்டு ஏத்தினது ஐந்தாம் அளவி."

பெட்டிக்குள் ஒலி அட்டைகூடப் பேசாமல் இருந்தது. பழைய வாசல்தான் முதலில் வாய் திறந்தது.

"எண்ணில் நான் முன்னே நிற்கிறேன், அம்மா. ஆனால் ஆறு என்னிடம் வருவதற்குமுன் உன்னிடம் அல்லவா வந்துவிடுகிறது?"

அதற்கு ஏதாவது கம்பீரமாகச் சொல்லவேண்டும் என்று அட்டைக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மலையிலிருந்து அடுத்த சொல் வந்துவிட்டது. அதை வாங்கப் போய்விட்டது.