கல்லுக்குள் படுத்திருந்தவர்

“கல்லுக்குள்ள யாரோ படுத்திருக்காங்க, வீராயி.”

கல்தச்சன் சடையன் தன் மனைவியிடம் மெல்லச் சொன்னது, பல்லக்கில் அவ்வழியே போன ஏகாம்பர ராயர் காதில் விழுந்துவிட்டது.

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை வல்லபதேவன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். காலையில் கங்கணம் பூட்டிய கைக்கு மாலையில் விலங்கு பூட்டுகிற மனசு அவனுக்கு. சந்திர சூரியர் உள்ளவரை தன் பெயர் நிற்க வேண்டுமென்று, கல்வெட்டு வெட்டும் வேலையைச் சடையனிடம் கொடுத்திருந்தான். தன் மைத்துனனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லையே என்று அரசவைச் சோதிடரான ராயருக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாள் ராயர் அந்தக் கல்லைச் சபைக்குக் கொண்டுவரச் செய்தார். சிவந்த மணற்கல். நடுவே நீளமாக ஒரு தண்டு. இருபுறமும் விலா எலும்புகள். ராயர் அதன்மேல் பாலை ஊற்றினார். நனைய நனைய எலும்புகள் கறுத்து மேலே எழும்பி வந்தன.

“காணாமல் போன உங்கள் பெரிய பாட்டனார்,” என்றார் ராயர். “அரியணை கேட்டு எழுந்து வருகிறார். உறக்கத்தைக் கலைத்தவனை, கல் எடுத்த அதே குழியில் உயிரோடு மூடினால்தான் அடங்குவார்.”

அரசன் சடையனைச் சுட்டிக்காட்டினான். “கட்டுங்கள் அவனை. நாளை உச்சிப்பொழுதில் மூடிவிடுங்கள்.”

சபையின் ஓரத்தில் நின்ற வீராயி அழவில்லை. கல்லின் இடது வரிசையைப் பார்த்தாள், வலது வரிசையைப் பார்த்தாள். கல் சுமக்கும் கூடைகளை ஈச்ச ஓலையில் பின்னிப் பின்னித் தேய்ந்த விரல்கள் அவளுடையவை.

மறுநாள் காலை ஒரு பலகைக் கல்லைச் சுமந்துகொண்டு சபைக்கு வந்தாள். தூணோரம் சடையன் கைக்கட்டோடு நின்றான். செம்மண் பூசினாற்போலிருந்த அந்தக் கல்லிலும் விலா எலும்புகள் வரிவரியாகப் புடைத்திருந்தன.

“சாமி, குழியில இதுவும் கிடந்துச்சு. இது அவரேதானா, கூட வந்தவரா?”

ராயர் குனிந்து பார்த்தார். “அவரேதான். இடப்பாகம். முகம் தெரியாவிட்டாலும் கோபம் தெரிகிறது பார்.”

“பால் ஊத்தினா சாந்தமாவாருங்களா?”

ராயர் குடத்தைச் சாய்த்துக் கையால் தேய்த்தார். செம்மண் கரைந்து ஓடியது. அடியிலிருந்து ஓர் ஈச்ச ஓலை பச்சைப்பசேலென்று வெளியே வந்தது.

“ராயரே,” என்றான் அரசன், “என் பெரிய பாட்டனார் இன்னும் வாடவே இல்லை போலிருக்கிறதே.”

சபை சிரித்தது. வீராயி சிரிக்கவில்லை. “மகாராஜா, உங்க நெஞ்சைத் தடவிப் பாருங்க. எலும்பு ஜோடி ஜோடியா எதிரெதிரே இருக்கும். நேத்து வந்த கல்லுல ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே. அதுவும் ஏதோ ஓலைதான்.”

அரசன் தடவிப் பார்த்தான். “இப்படி ஓலை விடும் மரம் என் நாட்டில் இல்லையே?”

“இப்ப இல்லைங்க. இந்தப் பாறை ஆத்து மணலா கிடந்தப்போ இருந்திருக்கும்.”

“அப்போது இங்கே யார் அரசன்?”

“யாரும் இல்லைங்க மகாராஜா. பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இருந்திருக்காது.”

அரசன் நேற்று நனைத்த கல்லைக் காட்டினான்.

“ராயரே, இதைத் தலையில் சுமந்துபோய் எடுத்த இடத்திலேயே வையும். உமது பல்லக்கில் இனி வீராயி வருவாள்.”

அரசன் அரியணையை விட்டு இறங்கினான். கல்வெட்டுக்காகத் தன் பெயரையும் பட்டங்களையும் எழுதி வைத்திருந்த ஓலையை எடுத்து, நேற்றைய கல்லிலிருந்த ஓலைக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு தூணோரம் போய், சடையனின் கைக்கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தான்.