நாற்பது மைக்ரான்

மெல்லிய பிளாஸ்டிக் படலங்களையும் பூச்சுகளையும் ஆராயும் கூடம் அது. பேராசிரியர் வேதநாயகிக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய மாணவர் சுடலைமணிக்கு ஐம்பத்தாறு. பெயின்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவர். குரு சீடனை 'சார்' என்று அழைக்க எந்தச் சாத்திரத்திலும் இடமில்லை. அங்கே அப்படித்தான் நடந்தது.

ஒரு நாள் தொழிற்சாலை ஒன்றிலிருந்து விரல்நகம் அளவு இரும்புத் துண்டு வந்தது. உடைந்துபோன அமிலத் தொட்டியின் துண்டு. அதன் உள்பக்கத்தில் மெல்லிய பிசின் பூச்சு. தொட்டிக்குள் இறங்கி அதைப் பூசியவர் செபமாலை. விதிப்படி இரண்டு முறை பூச வேண்டும். முதல் பூச்சில் விட்டுப்போகும் ஊசித்துளைகளை இரண்டாவது மூடும். செபமாலை ஒரு முறை மட்டும் பூசி ஏமாற்றினார், அதனால்தான் அமிலம் இரும்பை அரித்தது என்றது நிர்வாகம்.

மறுத்துப் பேச அவர் இல்லை. தொட்டி உடைந்தபோது அதனடியில் நின்றிருந்தார். பூச்சு வேலையின்போது மேலே நின்று அவருக்குக் கயிறு பிடித்த தவசியும் அன்று பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் போனார். தவசியின் வீட்டார் இப்போது செபமாலையின் மனைவியைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை.

நிர்வாகத்தின் கேள்வி ஒரு வரிதான்: பூசியது ஒரு முறையா, இரண்டு முறையா?

சுடலைமணி துண்டின்மேல் ஒளியைப் பாய்ச்சினார். திரும்பி வரும் ஒளியைக் கொண்டு படலத்தின் தடிமனையும் அடுக்குகளையும் கணக்கிடும் கருவி அது. பன்னிரண்டு இடங்களில் பார்த்தார். நாற்பது மைக்ரான். ஒரே அடுக்கு.

"ஒண்ணுதான் மேடம். எழுதிக் கையெழுத்துப் போட்டுரலாமா?"

வேதநாயகி ஓர் இரும்புத் தகட்டையும் பிசின் டப்பாவையும் அவர்முன் வைத்தார்.

"இதுல ரெண்டு தடவை பூசிக் கொண்டாங்க சார். மெல்லிசா."

"முப்பது வருசம் பெயின்ட்ல கிடந்தவனுக்குப் பூசத் தெரியுமான்னு பரீட்சையா?"

"ஆமா."

பூசினார். பிசுபிசுப்பு அடங்கியதும் அதன்மேல் இன்னொரு முறை பூசினார். ஓவனில் வைத்து இறுக வைத்தார். மறுநாள் வேதநாயகியே அதைக் கருவியில் பொருத்தினார்.

"நாப்பத்தோரு மைக்ரான். ஒரே அடுக்கு. ஏன் சார் ஏமாத்துனீங்க?"

"ஐயையோ, ரெண்டு தடவை பூசினேன் மேடம்!"

"கருவி ஒண்ணுங்குது."

"ஒரே பிசின். முதல் பூச்சு முழுசா இறுகுறதுக்குள்ள ரெண்டாவது ஏறிருச்சு. ரெண்டும் கலந்து ஒரே உடம்பாயிரும். நடுவுல எல்லையே இல்லாதப்ப ஒளி எதுல பட்டுத் திரும்பும்?"

"அது சமாதானம். சாட்சி யாரு?"

"நானே சொல்றேனே!"

"நீங்க செத்துட்டா?"

சுடலைமணி தகட்டைப் பார்த்தார். தொட்டித் துண்டைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"குறுக்க வெட்டிப் பார்த்தா?"

"பாருங்க."

இரண்டிலும் ஓரத்தை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தார். இரண்டிலும் நடுவே கோடில்லை.

"அப்ப என்ன எழுதுறது மேடம்?"

"தெரிஞ்சதை."

"தெரிஞ்சது ஒண்ணுமில்லையே."

"அதைத்தான்."

எழுதினார். தடிமன் நாற்பது மைக்ரான். ஒரு முறை பூசியதா, இரண்டு முறை பூசியதா என்று இந்தச் சோதனைகளால் சொல்ல இயலாது. கையெழுத்திட்டார்.

நிர்வாகத்தின் ஆள் வந்து வாசித்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ பெரிய மெஷின்?" என்றார். மிச்சத் துண்டை வாங்கிக்கொண்டு, பரஞ்சோதி என்பவர் நடத்தும் வேறொரு ஆய்வகத்துக்குப் போனார்.

பத்தாம் நாள் செய்தி வந்தது. ஒரு முறை பூசியதே என்று பரஞ்சோதி சான்று கொடுத்துவிட்டார். விபத்துக்குக் காரணம் செபமாலை என்று தொழிற்சாலை வாசலில் எழுதி ஒட்டியாயிற்று. அவர் மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

சுடலைமணி தான் பூசிய தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பரஞ்சோதியும் உங்ககிட்ட படிச்சவர்தானே மேடம்?"

"என் முதல் மாணவர்."

"அவருக்கு நீங்க இந்தத் தகட்டுப் பரீட்சை வைக்கலையா?"

"வச்சேன். ரெண்டு தடவை பூசினார். அவருக்கும் ஒண்ணுன்னுதான் வந்தது."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'ரெண்டு தடவை பூசினதா நினைச்சது என் ஞாபகப் பிசகு மேடம், மன்னிச்சிருங்க'ன்னார். நானும் மன்னிச்சு, பட்டம் வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்."