உலர்த்திப் பார்த்த மண்

"கயிறு தானா நகருதுங்க," என்றார் செங்கோடன்.

தங்காயி மண் சலித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தக் கயிறுங்கையா?"

"பலகைத்தட்டுல என்ற மக வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டக் கட்டுன கயிறு. முளைக்குச்சி வரிசையா அடிச்சு, விறைப்பா இழுத்துக் கட்டிட்டு வர்றேன். விடிஞ்சு போய்ப் பார்த்தா வில்லு மாதிரி வளைஞ்சு கெடக்குது."

"குச்சி சாஞ்சிருக்கும்."

"சாயலீங்க. அசைச்சுப் பார்த்தேன். அடிச்சது அடிச்சபடி இறுக்கமா நிக்குது. வரிசைதான் வளைஞ்சிருக்குது."

"ஆடு மிதிச்சிருக்கும்."

"ஆடு அங்க படுக்கவே மாட்டேங்குதுங்க. பொழுது சாஞ்சா ஓரத்துப் பாறை மேல ஏறி நின்னுக்குது."

சல்லடை நின்றது.

செங்கோடன் கிணறு வெட்டியே நரைத்தவர். தங்காயிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மண் பார்க்கக் கற்றுக்கொள்ள மலையேறி அவளிடம்தான் வந்து சேர்ந்தார். வருகிறவர்கள் அவருடைய தாடியைப் பார்த்து அவரைத்தான் முதலில் கும்பிடுவார்கள். "நான் இல்லீங்க, அவங்க," என்று கை காட்டுவார். கை காட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி தாமதிப்பார். அந்த ஒரு நொடி அவருக்குப் பிடித்திருந்தது.

மண் பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. கேட்டு வருகிறவர்கள் தங்கள் நிலத்தைத் தோண்டி, ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். அதைப் பாறையில் பரப்பி வெயிலில் உலர்த்த வேண்டும். கட்டியை உடைத்து, வேரை நீக்கி, சலிக்க வேண்டும். பிறகு உள்ளங்கையில் நீர்விட்டுப் பிசைந்து, உருட்டி, முகர்ந்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். எங்கே வீடு, எங்கே கிணறு, என்ன விதை.

செங்கோடனின் மகள் பாவாயியும் அவள் ஊர்க்காரர்களும் மலையேறி வந்தபோது தங்காயி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். கீழே அவர்களுடைய கிணறுகளெல்லாம் உப்பாகிப் போயிருந்தன. குடியிருக்க இடம் தேடி அலைந்தவர்கள், பலகைத்தட்டைப் பார்த்துவிட்டு ஒரு பிடி மண்ணோடு வந்தார்கள்.

செங்கோடனே உலர்த்தினார். செங்கோடனே சலித்தார். மண் வறுத்த ரவைபோலப் பொலபொலவென்று உதிர்ந்தது. நீர் விட்டால் தேங்காமல் இறங்கியது. கையில் ஒட்டவில்லை.

"மணற்பாங்கான கருமண்ணு. வீட்டுக்கும் ஆகும், வெள்ளாமைக்கும் ஆகும்," என்றார்.

அன்றைக்குக் கை காட்ட யாருமில்லை. கும்பிட்ட கும்பிடுகள் எல்லாம் அவருக்கே.

தங்காயி இப்போது எழுந்து நின்றாள்.

"அந்த மண்ணையுமா உலர்த்துனீங்க?"

"எல்லா மண்ணையும் அப்படித்தானுங்களே?"

தங்காயி மாடத்திலிருந்து பலகைத்தட்டு மண் இருந்த சட்டியை எடுத்துக்கொண்டாள்.

"கடப்பாரையை எடுத்துக்கங்க. மேகம் இறங்கறதுக்குள்ள போயிரலாம்."

*

பலகைத்தட்டுக்குப் போகிற வழியில் மரங்கள் அடியில் வளைந்திருந்தன. குந்தியிருந்தவர்கள் கூட்டமாக எழுந்திருக்கப் போவதுபோல, எல்லாம் ஒரே பக்கமாக.

"இங்க காத்து ஜாஸ்திங்க. அதான் இப்படி," என்றார் செங்கோடன்.

"காத்து நுனியைத்தானே வளைக்கும்?"

செங்கோடன் நுனிகளைப் பார்த்தார். நுனிகள் நேராக இருந்தன.

நடுப்பகல். ஆனால் மூடுபனி விலகவில்லை. பறவைச் சத்தம் எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்தது. தட்டு நெருங்க நெருங்க அதுவும் நின்றுவிட்டது.

தட்டு நிஜமாகவே பலகைபோல இருந்தது. மேலே செங்குத்துச் சரிவு, கீழே செங்குத்துச் சரிவு, நடுவில் சமமாக ஒரு பரப்பு. இடுப்புயரப் புல். ஓரத்தில் ஊற்று.

"இவ்வளவு நல்ல எடம்," என்றாள் தங்காயி. "இத்தனை நாளா ஆருக்காகக் காலியாக் கெடந்துது?"

செங்கோடனுக்கு அந்தக் கேள்வி முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பாதி எழும்பிய சுவர்களுக்கு நடுவிலிருந்து மருமகன் மாரப்பன் ஓடிவந்தான்.

"வாங்க மாமா! இது ஆரு, உங்க சிஷ்யப்புள்ளையா?"

செங்கோடன் வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ அவர் கையில் மோர்ச் சொம்பைத் திணித்தார்கள். "குடிங்க பெரியவரே." குடித்தார். குடித்து முடித்தபோது பதில் சொல்ல வேண்டிய நேரம் கடந்துவிட்டிருந்தது.

"கயித்தை நகத்தறது ஆருன்னு கண்டுபுடிச்சுட்டோம் மாமா," என்றான் மாரப்பன். "எல்லாம் நம்ம காளியண்ணன் வேலை. சமையக்கட்டு பத்தலைன்னு பொண்டாட்டி சொன்னாளாம்."

"ஆமாண்டா," என்றான் பக்கத்து வீட்டுச் சுவரில் நின்ற காளியண்ணன். "ராவெல்லாம் உன்ற வீட்டைத் தள்ளிவெச்சுப்போட்டு, பகல்ல வந்து உனக்கே கல்லு சொமக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

தங்காயி குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள். சத்தமே எழவில்லை. ஆனால் சற்றுத் தள்ளி, காளியண்ணன் வீட்டு வாசலில் இருந்த அண்டாத் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது.

சிரிப்பு அடங்கியது.

"இன்னைக்கே எறங்கிருங்க," என்றாள் தங்காயி. "மழை வருது."

காளியண்ணன்தான் முதலில் சமாளித்துக்கொண்டான்.

"பெரியவரே நல்ல மண்ணுன்னு சொல்லிட்டாரு கண்ணு. நீ இன்னும் கொஞ்ச நாளு அவருகிட்டக் கத்துக்கிட்டு வா."

தங்காயி செங்கோடனைப் பார்த்தாள். செங்கோடன் சொம்பின் அடியில் மிச்சமிருந்த மோரைப் பார்த்தார்.

*

கயிறு கட்டியிருந்த இடத்துக்கு இருவரும் தனியாகப் போனார்கள்.

"நீங்களே அழுத்திச் சொல்லுங்க. நீங்கதான் ஆசான்," என்றார் செங்கோடன்.

"அவங்க என்னைக் கேக்கலையே."

அவள் புல்லை விலக்கி, கையால் தோண்டி, ஒரு கட்டி மண் எடுத்து அவரிடம் கொடுத்தாள். கறுப்பு மண். ஆறிப்போன களிபோலக் கெட்டியாக, கனமே இல்லாமல் இருந்தது. மேலே ஈரம் தெரியவில்லை.

"அமுக்குங்க."

அமுக்கினார். மண் நெகிழவில்லை.

"இன்னும்."

கிணற்றுக் கல்லை உருட்டிப் பழகிய கை. நரம்பு புடைத்தது. மண் அப்படியே இருந்தது.

"விடாதீங்க."

சட்டென்று கைக்குள் ஏதோ நழுவியது. கட்டி கூழாகிவிட்டது. விரலிடுக்கில் வழிந்தது. அதற்குள் இருந்ததாகவே தெரியாத தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி முழங்கைவரை ஓடியது. உயிருள்ள எதையோ பிடித்து நெரித்துவிட்டதுபோல அவருக்கு உடம்பு கூசியது.

"கையை விரிங்க. சும்மா வெச்சிருங்க."

விரித்தார். உள்ளங்கையில் கூழ் பளபளத்தது. கொஞ்சங் கொஞ்சமாகப் பளபளப்பு மங்கியது. மண் மறுபடியும் இறுகியது. எதுவுமே நடக்காததுபோல, கறுப்பாக, கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

"மறுபடி அமுக்குங்க."

செங்கோடன் அதைக் கீழே போட்டுவிட்டார்.

தங்காயி சட்டி மண்ணைக் கொஞ்சம் அள்ளி ஊற்றோரக் குட்டையில் தூவினாள். அது மணல்போல அடியில் படிந்து, தனித்தனி மணியாகவே கிடந்தது. குச்சியால் கலக்கினாள். அப்போதும் மணிதான்.

"நாள் கணக்கா ஊறப்போட்டாலும் இனி இது இப்படியேதான். வெயில்ல ஒருதரம் காஞ்சா அந்தக் கொணம் செத்துப்போகும். திரும்பி வராது. இதை உங்களுக்குச் சொல்லாம விட்டது என்ற தப்பு."

"அப்ப நான் வெயில்ல போட்டுப் பார்த்தது..."

"பொணத்தை."

மேலே சரிவில் மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது.

"இந்த மண்ணுக்குப் பேரு என்னங்க?" என்றார் செங்கோடன். "ஒரு பேராச்சும் சொல்லுங்க. போய் அவங்ககிட்டச் சொல்லிப் பாக்கறேன்."

"உங்க ஊருக்குப் புதுசா ஒருத்தர் வந்தா மொதல்ல என்ன கேப்பீங்க?"

"எந்த ஊருன்னு கேப்பேன்."

"அப்புறம்?"

"எப்ப வந்தீங்கன்னு."

"அப்புறம்?"

செங்கோடன் மேலே பார்த்தார். சரிவில் பாதிதான் தெரிந்தது.

"எப்பக் கெளம்பறீங்கன்னு."

தங்காயி கடப்பாரையை அவரிடம் நீட்டினாள்.

*

கிணறு வெட்டியவருக்குக் குழி பெரிய வேலையில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். கிணற்றுக்குப் பள்ளம் பார்க்கிறார் என்று நினைத்தார்கள்.

முதலில் கறுப்பு மண். பிறகு மஞ்சள் மண். மஞ்சளுக்குள் கற்கள். செங்கோடன் ஒன்றை எடுத்துத் தடவினார். முனை விரலைக் கீறியது. ஆறு உருட்டிக் கொண்டுவந்த கல்லுக்கு முனை இருக்காது. மேலே சரிவில் துருத்திக்கொண்டிருந்த பாறையின் நிறம் அதற்கு.

மார்பளவு இறங்கியதும் மஞ்சள் முடிந்தது. மறுபடியும் கறுப்பு.

கடப்பாரை நின்றது.

புல் முளைத்து, மடிந்து, மறுபடி முளைத்து, வெகுகாலம் மக்கினால்தான் மண் கறுக்கும். கறுப்பு எப்போதும் மேல்முகம். இங்கே கீழே இன்னொரு முகம் இருந்தது. குனிந்து பார்த்தார். அதன்மேல் புல்லின் தடம்கூட இருந்தது. எல்லாம் பள்ளத்துப் பக்கமாகப் படிந்து கிடந்தது, சீப்பால் வாரிவிட்டதுபோல.

"என்ன மாமா, தண்ணி தெரியுதா?" என்றான் மாரப்பன்.

செங்கோடன் நிமிர்ந்தார். கண்ணுக்கு நேராகக் கயிறு இருந்தது. காலையில் அவரே மறுபடி விறைப்பாக இழுத்துக் கட்டிய கயிறு. சுற்றி நின்ற யாரும் அதைத் தொடவில்லை. அதன் நடுப்பகுதி, தூங்கி விழுகிறவன் தலைபோல, மெல்லத் தொய்ந்தது.

காளியண்ணனும் அதைப் பார்த்தான். தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நான் சொன்னது தப்பு," என்றார் செங்கோடன்.

யாருக்கும் புரியவில்லை.

"இவங்க என்ற சிஷ்யை இல்லை. நான்தான் இவங்களுக்குச் சீடன். இவங்க இல்லாத நேரத்துல நானாப் பார்த்து நல்ல மண்ணுன்னு சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். இந்த மண்ணு இங்க பொறந்தது இல்லை. மேல இருந்து வந்தது. எல்லாரும் கெளம்புங்க. அந்த ஆட்டுப்பாறைக்குப் போங்க."

முதல் துளி கடப்பாரைமேல் விழுந்தது.

"என்ன மாமா வெளையாடறீங்க?" மாரப்பனுக்குக் கோபம் வந்தது. "பாதிச் சுவரு நிக்குது. நீங்க சொன்னீங்கன்னுதானே ஊரையே கூட்டிட்டு வந்தோம்? இப்ப மழையில புள்ளைகுட்டியோட பாறையில போய் நிக்கச் சொல்றீங்க!"

"சொல்றேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரும் நகரவில்லை. எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள். அவள் அப்பன் வாக்கை நம்பி வந்தவர்கள்தானே.

பாவாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழியோரம் வந்து நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். ஆனாலும் சிரிக்க முயன்றாள்.

"மேல வாங்கப்பா. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடாம இருப்பீங்க. அடுப்புல சோறு கொதிக்குது. வெந்ததும் எறக்கிச் சாப்பிட்டுட்டு, அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசிக்கலாம்."

செங்கோடன் குழிக்குள் மண்டியிட்டு, கறுப்பு மண்ணைக் கையால் வழித்துத் தள்ளினார். ஒரு கல் தெரிந்தது. முனை மழுங்கிய கல். பக்கத்தில் இன்னொன்று. எதிரில் மற்றொன்று. நடுவில் சாம்பல், வெள்ளையாகவே.

கற்களின்மேல் ஒரு பானை. மேலிருந்து இறங்கிய கனத்தில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மூடி போட்டபடியே இருந்தது.

அவர் கையை எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். எல்லோருக்கும் தெரியும்படியாக.

"இங்க அடுப்பு மூட்டுனவங்களும் இதையேதான் சொல்லியிருப்பாங்க, பாவாயி."

பாவாயி எட்டிப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்க்கவில்லை. குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, ஆடுகள் நின்ற பாறையை நோக்கி நடந்தாள். மாரப்பன் அவள் பின்னால் போனான். காளியண்ணன் போனான். ஒவ்வொருவராகப் போனார்கள்.

பாவாயியின் அடுப்பில் பானை, இறக்க ஆளில்லாமல், மூடி தடதடக்கக் கொதித்துக்கொண்டிருந்தது.