யானைக் காலடிக் குட்டை

ஒரு காட்டில், ஓடைக்குப் பக்கத்துப் புதரில், பேச்சி என்று ஒரு சருகுமான் குடியிருந்தாள். சருகுமான் என்றதும் பெரிய கொம்பும் நீளக் காலும் நினைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளே. முயலைவிட ஒரு பிடி பெரிசு, அவ்வளவுதான். காய்ந்த சருகின் நிறம். மேலே வெள்ளைப் புள்ளியும் கோடும்.

பேச்சிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பொட்டு. வாயைத் திறந்தால் கேள்விதான். நடுவில் குண்டு. கண்ணில் பட்டதை எல்லாம் வாயில் வைப்பான், பிடித்துப்போனால் "இன்னொருக்கா" என்பான். கடைக்குட்டி பஞ்சு இப்போதுதான் நிற்கப் பழகியிருந்தாள். பால் குடிப்பாள், தூங்குவாள், நடுவில் கொஞ்ச நேரம் இலை ஆடுவதைப் பார்த்துச் சிரிப்பாள்.

முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், நாவல் மரத்து மேலிருந்து மங்காயி என்ற மந்தி கூப்பிட்டாள். அவள் வயிற்றை அவளுடைய குட்டி வாண்டு கட்டிப் பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஏ பேச்சி, நேத்து எங்க வாண்டைக் கூட்டிக்கிட்டு அருவிக்குப் போய் வந்தேன். என்னமா விழுது தண்ணி, இடி இடிக்கிற மாதிரி. வானவில் வேற. உன் பிள்ளைங்க இன்னும் இந்தப் புதரையே சுத்திக்கிட்டு இருக்கா? பாவம்."

அந்தப் "பாவம்" பேச்சியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி எறும்பு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருத்தன் மண் தின்றுகொண்டிருந்தான். 'நானும் இன்றைக்கே அருவிக்குக் கூட்டிப்போகிறேன்' என்று முடிவுகட்டினாள்.

ஆனால் மங்காயி போனது மரத்துக்கு மரம் தாவி. தரை வழி பேச்சிக்குத் தெரியாது.

"வழிக்கு நான் இருக்கேன் தங்கச்சி" என்று ஒரு குரல் வந்தது. மரத்தடியில் சொக்கன் என்கிற நரி உட்கார்ந்திருந்தான். உதிர்ந்த நாவல் பழத்தைத் தின்று தின்று வாயெல்லாம் ஊதா.

பேச்சி சட்டென்று பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பயப்படாதே. என் வயித்தைப் பாரு, மத்தளம் மாதிரி இருக்கு. வயிறு நிறைஞ்ச நரி எறும்பைக்கூட மிதிக்காது. காட்டுக்கே தெரியுமே."

அது உண்மைதான். காட்டில் எல்லாரும் அறிந்த விஷயம். அதோடு அந்தப் "பாவம்" இன்னும் குத்திக்கொண்டே இருந்ததால், பேச்சி மேற்கொண்டு யோசிக்கவில்லை. "வாங்க நரியண்ணே, போகலாம்" என்று பஞ்சுவை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

சொக்கன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அருவிக்குக் கீழே மூன்று பக்கமும் பாறை. உள்ளே போனால் தப்பி ஓட வழி கிடையாது. அங்கே அவனுடைய சொந்தக்கார நரிகள், அவன் யாரையாவது கூட்டி வருவான் என்று விடிந்ததிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தன. வழியிலேயே ஒரு குட்டியைக் கவ்வலாம்தான். ஆனால் மற்றவை ஓடிவிடுமே. சொக்கனுக்கு எல்லாமே வேண்டும், தாயும் சேர்த்து.

புறப்பட்டார்கள். புதரைத் தாண்டியதுமே ஒரு யானை நடந்து போன தடம். காலடிப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, மேலே மேகம் மிதந்துகொண்டிருந்தது.

தொப்பென்று குதித்தான் குண்டு. தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது.

"இன்னொருக்கா" என்றான்.

"குட்டையெல்லாம் ஒரு வேடிக்கையா மாப்பிள்ளே? அருவியில இதைவிட எவ்வளவு தண்ணி இருக்கு தெரியுமா? நட நட" என்றான் சொக்கன்.

பேச்சியும், "வாடா குண்டு, அருவிக்கு நேரமாச்சு" என்று முட்டி முட்டித் தள்ளினாள். குண்டு சேற்றிலேயே மல்லாந்து படுத்துக் காடே அதிரக் கத்தினான். பொட்டு, "அம்மா, எனக்குக் கால் வலிக்குது" என்று ஆரம்பித்தாள். சத்தத்தில் பஞ்சு முழித்துக்கொண்டு அவள் பங்குக்கு அழுதாள்.

பேச்சி திகைத்துப்போனாள். சந்தோஷமாக இருக்கத்தானே கிளம்பினோம், இதென்ன கூத்து?

"சரி, குதி. கொஞ்ச நேரம்தான்" என்றாள்.

அழுகை வந்த வேகத்திலேயே நின்றது. குண்டு குதித்தான். பொட்டுவும் கால்வலியை மறந்து குதித்தாள். பஞ்சு தெறிக்கிற துளிகளைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பேச்சி கேட்டதே இல்லை. பேச்சிக்கும் குளம்பு குறுகுறுத்தது. ஒரு குதி குதித்தாள். மூக்கு நுனிவரை சேறு.

"அம்மாவும் குதிக்கிறா, அம்மாவும் குதிக்கிறா" என்று பொட்டு துள்ளினாள்.

சொக்கன் தள்ளி நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வழியாக அங்கிருந்து நகர்ந்தால், பாதையில் சாணி உருட்டும் வண்டு ஒன்று தலைகீழாக நின்று தன் உருண்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"அம்மா, இது ஏன் பின்காலால தள்ளுது? வீட்டுக்குக் கொண்டு போகுதா? வீடு எங்க இருக்கு?"

"வா, அது பின்னாலேயே போய்ப் பார்ப்போம்" என்றாள் பேச்சி. அவளுக்கும் இப்போது தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது.

வண்டு வேகத்தில் ஊர்வலம் போயிற்று. உருண்டை ஒரு வேரில் இடித்து நின்றபோது எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். வண்டு சுற்றி வந்து, முட்டுக்கொடுத்து, அதைத் தாண்டவைத்தபோது எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். சொக்கன் மட்டும் முன்னே போவதும் திரும்பி வருவதுமாக இருந்தான். அவன் வயிறு மத்தளத்திலிருந்து உடுக்கையாக இளைத்திருந்தது.

வண்டு போய்ச் சேர்ந்த இடம் ஒரு வாகை மரத்தடி. வேருக்கு நடுவில் ஒரு பெரிய வளை. அதன் வாசலில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நீளமான முள் ஒன்று கிடந்தது. குண்டு அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பேச்சி பாய்ந்தாள்.

"ஐயோ, குத்திடும் கண்ணு. இந்தா, இது பாரு." கீழே கிடந்த காய்ந்த வாகை நெற்று ஒன்றை அவன் வாயில் கொடுத்து, முள்ளை வேருக்குப் பின்னால் தள்ளினாள். குண்டு தலையை ஆட்டினான். நெற்று கலகலவென்றது. பஞ்சு சிரித்தாள். "இன்னொருக்கா" என்றான் குண்டு, தனக்குத் தானே.

சொக்கன் இது எதையும் பார்க்கவில்லை. அவன் கண் அருவிப் பாதையிலேயே இருந்தது.

நிழலில் பேச்சி பஞ்சுவுக்குப் பால் கொடுத்தாள். சும்மா இருக்காத பொட்டு சொக்கன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நரி மாமா, அருவி ஏன் அங்கேயே இருக்கு?"

"பாறை அங்கதான் இருக்கு."

"பாறை ஏன் அங்க இருக்கு?"

"ஏன்னா, பாறைக்குக் கால் கிடையாது."

"நாம போகலைன்னா அருவி அழுமா?"

"அருவி அழாது தாயி. காலையிலிருந்து காத்துக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான் அழுவாங்க" என்றான் சொக்கன், தலையைப் பிடித்துக்கொண்டு.

"யாரு?"

"என் மச்சான், சித்தப்பா, பெரியம்மா, எல்லாரும்."

"எதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க?"

"சாப்பாட்டுக்கு" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பொட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். "சாப்பாடு யார் கொண்டு வர்றாங்க? நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையே, அம்மா."

பேச்சி பஞ்சுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சொக்கனின் வயிற்றைப் பார்த்தாள். ஒட்டிப்போயிருந்தது. கிளம்பியதிலிருந்து பஞ்சுவுக்கு இது இரண்டாவது பால். அப்படியானால் அவன் தின்ற பழம் எப்போதோ செரித்திருக்கும். ஓடலாம் என்றால் பஞ்சுவைச் சுமந்துகொண்டு நரியை முந்த முடியாது. சருகுமான்கள் வழக்கப்படி சருகோடு சருகாக அசையாமல் படுத்துக்கொள்ளலாம். ஆனால் குண்டு எங்கே சும்மா படுப்பான்? "நான் இங்க இருக்கேன்" என்று அவனே கூவிக் காட்டிக்கொடுப்பான்.

அப்போது வேருக்குப் பின்னால் கிடந்த அந்தக் கோடு போட்ட முள் அவள் கண்ணில் பட்டது. அதற்குப் பக்கத்தில் வளை. உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை.

பேச்சி ஒன்றுமே காதில் விழாதவள்போல் சிரித்தாள்.

"நரியண்ணே, இதுங்களை இழுத்தா அழும். அழுதா நகராது. ஒளிஞ்சு விளையாடுற ஆட்டம் ஒண்ணு ஆடிட்டா, துள்ளிக்கிட்டு வந்துடும். நீங்க ஒளிஞ்சுக்குங்க, பிள்ளைங்க தேடட்டும்."

"நானா? என்னைப் பார்த்தா விளையாடுற ஆள் மாதிரியா இருக்கு?"

"அப்படின்னா இன்னிக்கு அருவி இல்லை. குண்டு உட்கார்ந்துட்டான் பாருங்க."

குண்டு உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டான். சொக்கன் பெருமூச்சு விட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றான்.

"வால் தெரியுது அண்ணே. இப்படிச் சுளுவா ஒளிஞ்சா உடனே கண்டுபிடிச்சுடுவான். அப்புறம் 'இன்னொருக்கா'ம்பான்."

"இன்னொருக்கா" என்றான் குண்டு.

அந்தச் சொல்லைக் கேட்டதும் சொக்கன் நடுங்கினான். ஒரே ஆட்டத்தோடு முடித்துவிட வேண்டும் என்று அங்குமிங்கும் அலைந்து பார்த்தான். வளை தெரிந்தது. 'இதுதான் சரி, உள்ளேயிருந்தே இவர்களைக் கண்காணிக்கவும் செய்யலாம்' என்று முகத்தை வெளியே வைத்துக்கொண்டு பின்பக்கமாக உள்ளே நுழைந்தான்.

உள்ளே குறட்டை நின்றது. அது முள்ளம்பன்றியாருடைய வீடு. இரவெல்லாம் கிழங்கு தோண்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். தூக்கத்தில் யாராவது தொட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

"யார்டா அது என் மூஞ்சியில வந்து உட்கார்றது?"

முள்ளெல்லாம் சிலிர்த்துக் கலகலவென்றது. நெற்றுச் சத்தம் என்று நினைத்துப் பஞ்சு சிரித்தாள். மறு நொடி, ஊளையிட்டுக்கொண்டே சொக்கன் வளையிலிருந்து பறந்து வந்தான். பின்பக்கம் முழுக்கக் கோடு போட்ட முள். அருவியும் தெரியவில்லை, சருகுமானும் தெரியவில்லை, எங்கேயோ முட்டி எங்கேயோ விழுந்து எழுந்து ஓடினான்.

"கண்டுபிடிச்சாச்சு" என்று குண்டு குதித்தான். "மாமா, இன்னொருக்கா."

"மாமாவுக்கு வேலை இருக்குடா. நாம குட்டைக்குப் போகலாம், வா" என்றாள் பேச்சி.

குட்டை என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம். வரும்போது இழுத்தும் வராத குண்டு முன்னால் ஓடினான். பொட்டு அவனை முந்தினாள். பஞ்சுவைச் சுமந்துகொண்டு பேச்சிதான் மூச்சிரைக்க அவர்கள் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. அருவிப் பக்கம் நரிகள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அந்த நரிகளுக்கு எட்டாத தூரத்துக்கு அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

புதரடியில் அந்த யானைக் காலடியில் மறுபடியும் தண்ணீர் தெறித்தது. மேலேயிருந்து மங்காயி எட்டிப் பார்த்தாள்.

"என்ன பேச்சி, அருவி எப்படி இருந்தது?"

பேச்சி வாய் திறக்குமுன் பொட்டு முந்திக்கொண்டாள். "அருவிக்குப் போக நேரமே இல்லை, அத்தை. குட்டையில குதிச்சோம். வண்டு வீட்டுக்குப் போனோம். நரி மாமா முள்ளோட ஓடினாரு."

மங்காயி சிரிக்கப் போனாள். அதற்குள் அவள் வயிற்றில் ஒட்டியிருந்த வாண்டு கண்ணைத் திறந்து, மரத்திலிருந்து சரசரவென்று இறங்கி, குட்டையில் தொப்பென்று விழுந்தான்.

"நேத்து அருவியில உன் வாண்டு என்ன பண்ணினான் மங்காயி?" என்று பேச்சி கேட்டாள்.

மங்காயி வாலைச் சுருட்டிக்கொண்டாள். "சத்தத்துக்குப் பயந்து அழுதான். அப்புறம் தூங்கிட்டான்."

"இன்னொருக்கா" என்றான் வாண்டு, சேற்றிலிருந்து.

மங்காயியும் இறங்கி வந்தாள்.

நீதி: பெரியவர்களின் பெருமைக்கு ஏற்ற இடத்துக்குப் பிள்ளைகளை இழுத்துப் போகாதே, அவர்கள் கால் எட்டுகிற தூரத்தில், அவர்கள் கண் மலர்கிற இடத்துக்குக் கூட்டிப்போ.