விளக்கு வைத்த பிறகு கயிறு

ஒரு தோட்டத்து வீட்டுக் கிணற்றில் ஒரு தேங்காய்நார்க் கயிறு இருந்தது. குடிக்க, குளிக்க, மாட்டுக்கு, செடிக்கு என்று பகல் முழுக்க அதற்கு இழுப்புதான். மோட்டார் என்று ஒன்றும் அந்த வீட்டில் உண்டு. அது எப்போதும் ரிப்பேர்.

உழைப்பதைக்கூடக் கயிறு பொறுத்துக்கொண்டது. அதை நார் நாராகப் பிய்த்தது சாயங்காலம்தான்.

அந்த வீட்டில் விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று சொல்லக்கூடாது. சொன்னால் வந்துவிடுமாம். சொல்லாமலே தினமும் வந்துகொண்டிருந்தது, அது வேறு விஷயம். பாம்புக்குப் பதிலாகக் கயிறு என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரி வேலாத்தாளின் சட்டம் அது.

கிணற்றுக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு. மட்டை, ஓலை, உடைந்த ஓடு, கால் போன நாற்காலி, என்றைக்காவது ஆகும் என்று எடுத்து வைத்த எல்லாமும் அதில் கிடந்தன. அதற்குள் எலிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. எலிகளைத் தேடி ஒரு கண்ணாடி விரியன் வந்து போனது.

அதைத் துரத்த அந்த வீட்டார் செய்யாதது இல்லை. பூண்டு இடித்துத் தெளித்தார்கள். பினாயில் ஊற்றினார்கள். சிறியாநங்கைச் செடி நட்டார்கள், அதற்கும் தண்ணீர் இழுத்தது கயிறுதான். புற்றுக்கு முட்டை வைத்தார்கள், அதை எலி தின்றது. குப்பைமேட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

"என்னை ஒரே ஒரு காலையில அங்க கொண்டுபோனா முடிஞ்சுது. என்ன செய்ய, வாசல் கோலத்தோட என்னைத் திருப்பிருவாங்க" என்றது மூலையில் சாய்ந்திருந்த விளக்குமாறு.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? நானா எலியைக் கூப்பிட்டேன்? நான் பாட்டுக்குக் கிடக்கேன்" என்றது குப்பைமேடு.

கயிறு ஒரு நாள் விரியனிடமே கேட்டுவிட்டது. "உனக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாதா? இத்தனை பேர் போ போங்கறாங்க."

"என்னை யாரு போகச் சொன்னா? கயிறு வந்துருச்சு, கயிறை வெரட்டுன்னு உன்னையில்ல திட்டறாங்க? நான் எலி திங்க வந்தவன். உங்க வீட்டுச் சண்டை எனக்கெதுக்கு?" என்று விரியன் ஓலைக்குள் போய்விட்டது.

கயிறு அடுத்த வாளித் தண்ணீருக்குக் கிணற்றுக்குள் இறங்கியது.

அப்போதுதான் வேலாத்தாளின் மகன் தனபாலுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் யாமினி டவுனில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவள். பாம்பை டிவியில் பார்த்திருக்கிறாள். பாம்புக்கு இந்த வீட்டில் வைத்திருந்த பெயரை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊருக்கே தெரிந்ததைத் தனியாகச் சொல்வார்களா?

ஒரு நாள் விளக்கேற்றிவிட்டு வெளியே வந்த வேலாத்தாள், கிணற்றுத் திட்டில் விரியன் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தாள்.

"அம்மிணி! கெணத்தடில கயிறு கெடக்குது!"

மாமியார் சொல்லி முடிக்குமுன் வேலையை முடிக்கும் பெண் யாமினி. "இதோ எடுத்து மாட்டிர்றேனுங்க அத்தை" என்று கிணற்றுப் பக்கம் ஓடினாள்.

"ஐயோ, கயிறு அம்மிணி!"

"தெரியுதுங்க அத்தை. எடுக்கறேன்."

"அது கயிறு! கயிறு!"

"அதைத்தானுங்க எடுக்கப்போறேன்!"

வேலாத்தாளின் வாய் வரைக்கும் அந்தச் சொல் வந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல் பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. யாமினி குனிந்தாள். கையை நீட்டினாள்.

உருளையில் தொங்கிக்கொண்டு கயிறு இதையெல்லாம் பார்த்தது. அதன் நுனியில் கட்டியிருந்த வாளி, கிணற்றுச் சுவர்மேல் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"வாளி, உள்ள விழு!"

"நசுங்கிப் போவேன்."

"நசுங்கு! நான் சொல்றேன், விழுடா!"

கயிறு தன் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. வாளி சரிந்தது. உருளை கடகடவென்று சுற்ற, கயிறு எரிய எரிய ஓடிக் கிணற்றுக்குள் இறங்கியது. டமார் என்று ஒரு சத்தம்.

யாமினி நிமிர்ந்து பார்த்தாள். கயிறு உருளையில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் காலடியில் கிடப்பது எது?

அது சீறியது. பின்னால் துள்ளிய வேகத்தில் யாமினி வேலாத்தாள் மேலேயே போய் விழுந்தாள். "பாம்பு! பாம்பு!" என்று தோட்டம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். விரியன் அவசரமில்லாமல் குப்பைமேட்டுக்குள் போனது.

வேலாத்தாள் மருமகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் முதல் வார்த்தை வந்தது: "வெளக்கு வெச்ச நேரத்துல அந்தப் பேரைச் சொல்லிட்டியே அம்மிணி!"

மறுநாள் காலையில் காபியோடு எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். தப்பு எங்கே என்று தனபால்தான் கண்டுபிடித்தான்.

"பேருலதான் தப்பு. கெணத்துலயும் கயிறு, கெணத்தடிலயும் கயிறுன்னா அவளுக்கு எப்படிங்கம்மா தெரியும்?"

"ஏனுங்க, அந்தக் குப்பையை எடுத்துட்டா..." என்று யாமினி ஆரம்பித்தாள்.

"எடுக்கலாம், எடுக்கலாம். ஆடி போவட்டும்" என்றாள் வேலாத்தாள். "இனிமே வெளக்குமாறுன்னு சொல்லுவோம். வெளக்கு வெச்ச பொறகு அதை யாரும் கையில தொட மாட்டாங்க."

மூலையில் விளக்குமாற்றின் ஈர்க்குகள் சிலிர்த்துக்கொண்டன. "அக்கா, என்னையா சொல்றாங்க?"

"உன்னையேதான்" என்றது கயிறு. இரவெல்லாம் கிணற்றில் ஊறிய பாதி உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பேர் திரும்பக் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது. வரவில்லை.

ஆடி போனது. ஆவணியும் போனது. குப்பைமேட்டில் ஒரு பழைய கட்டிலும், நசுங்கிய ஒரு வாளியும் சேர்ந்தன.

ஒரு சாயங்காலம், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், கொல்லையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, சீக்கிரம் வாங்க! கெணத்தடில வெளக்குமாறு கெடக்குதுங்க!"

யாமினியின் குரல்.

விளக்குமாறு மூலையில் இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது. "குப்பையை எடுக்கச் சொன்னது இவ ஒருத்திதானே அக்கா?"

கயிறு கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டது. "குப்பைக்கு மட்டும் இந்த வீட்டுல வேற பேர் வைக்கல, பாத்தியா?" என்றது. "அதோட பேரை யாராவது வாயில எடுத்தாத்தானே."